ஊரடங்கு இல்லாத நத்தார் இரவு

டிசம்பர் 24, இரவு பத்தரை மணி. யாழ்ப்பாணம், குருநகர் கடற்கரைப் பக்கம். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஒழுங்கையெல்லாம் சேறு. மோட்டார் சைக்கிள்கள் ஒன்றின்பின் ஒன்றாக ஊர்கின்றன. பெற்றோல் டாங்கியின் மேல் கம்பளித் தொப்பி போட்ட சின்னவன். பின்னால் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி தாய். அவள் மடியில் வெள்ளைச் சட்டை போட்ட மூத்தவள், வெறுங்காலோடு. புதுச் சப்பாத்து இரண்டும் ஹாண்டிலில் தொங்கும் பொலித்தீன் பைக்குள் இருக்கின்றன. கோயில் வாசலில்தான் அவை காலுக்கு ஏறும்.

சந்திக்குச் சந்தி பாலன் குடில். பொடியள் வைக்கோலையும் பனையோலையையும் வைத்து, கடதாசிக்கு வண்ணமடித்து மலையாக்கி, மின்குமிழ்ச் சரம் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு ஒலிபெருக்கிகளில் இரண்டு பாட்டு ஒன்றோடொன்று மோதுகிறது. புனித யாகப்பர் ஆலய வாசலில் பொலிஸார் நிற்கிறார்கள். பெண்கள் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு இது பழகிவிட்டது. வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள் ஒன்றாக அடிக்கும். குடிலின் திரை விலகும். வெளியே சீனவெடி வெடிக்கும். தூங்கிப்போன சின்னவன் திடுக்கிட்டு எழுந்து அழுவான். ஒரு மணிக்குப் பூசை முடிந்ததும் குடும்பம் நேரே வீட்டுக்குப் போகாது. சோடனை பார்க்க ஒரு சுற்று போய்த்தான் வீடு.

அந்தச் சுற்றைப் பற்றித்தான் டிசம்பர் முழுக்க யாழ்ப்பாணத்தில் கதை. “நத்தார் இப்ப கோயிலுக்குப் போற பெருநாள் இல்லை, ஊர் சுத்துற பெருநாள்” என்று பெரியவர்கள் சலிக்கிறார்கள். திருவருகைக் காலத்தில் நோன்பும் செபமாலையும் குறைந்துவிட்டன, கடைக்குப் போவதுதான் கூடிவிட்டது என்று பிரசங்கத்தில் சொல்லாத பங்குத்தந்தை குறைவு. இளம் பெற்றோரிடம் கேட்டால், “பிள்ளையளுக்காகத்தானே” என்று ஒரே பதில். இதில் யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன், இந்தப் பெற்றோர் எப்படிப்பட்ட நத்தார்களில் வளர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஜாம் போத்தல் வெளிச்சம்

இன்று முப்பதுகளின் நடுவில் இருக்கும் அப்பா, அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிறந்தது 1990ஐ ஒட்டி. அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் எரிபொருளும் வருவதில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, ஒரு துளி மண்ணெண்ணெயில் திரி எரித்த காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். குடிலுக்கு வெளிச்சம் என்றாலும் அதே ஜாம் போத்தல்தான்.

1993 நவம்பர் 13இல் குருநகர் யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்தது. வழிபாட்டுக்கு வந்தவர்கள் செத்தார்கள். ஆறு வாரத்தில் நத்தார். 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. டிசம்பர் 5இல் இராணுவம் நகரில் கொடியேற்றியது. அந்த நத்தாருக்கு யாழ்ப்பாண நகரில் சனமே இல்லை. சாவகச்சேரியிலும் கிளிநொச்சியிலும் மர நிழலிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களிலும்தான் பாலன் பிறந்தார்.

1996இல் சனம் திரும்பிவந்த பிறகும் இரவு ஊரடங்குச் சட்டம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சாமப்பூசை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. பூசை வெளிச்சத்தோடேயே முடிந்துவிடும். 2002 போர்நிறுத்தம் சில வருடங்களுக்கு மூச்சுவிடத் தந்தது. 2006 ஆகஸ்டில் குடாநாட்டின் தரைவழியான முகமாலைப் பாதை மூடப்பட்டதும் ஊரடங்கும் திரும்பி வந்தது. அப்போது இந்தப் பெற்றோருக்குப் பதினைந்து, பதினாறு வயது. கரோல் பாடி வீடுவீடாகப் போக வேண்டிய வயதில் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

ஆகவே இரவு ஒரு மணிக்குப் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வெளிச்சம் பார்க்கப் போவதை வெறும் ஊர்சுற்றல் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தரப்படாத இரவைத்தான் அவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

┌ பெட்டிச் செய்தி: 1689, காவலர் புகுந்த நத்தார் ┐

யாழ்ப்பாணத்தில் நத்தார் இரவுக்குத் தடை வந்தது போரோடு மட்டும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருமார் துரத்தப்பட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று அறிவதற்காகக் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டபடி வீடுவீடாகப் போனார் என்பது அவருடைய வரலாறு. சில்லாலை அவருக்கு அடைக்கலம் தந்த ஊர்.

1689 நத்தார் இரவில் பூசைக்காக இரகசியமாகக் கூடிய வீடுகளுக்குள் ஒல்லாந்தக் காவலர் புகுந்தார்கள். பெருந்தொகையானோர் பிடிபட்டார்கள். பலர் அடித்து வதைக்கப்பட்டார்கள். அடிகளார் தப்பினார். சோதனைக்கு உத்தரவிட்டவர் ஆணையாளர் வான் ரீட். கேரளத்தின் மூலிகைகளைப் படத்தோடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலுக்குப் பேர்போன அதே ஆள்தான். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்துக்கும் வந்தார்.

└──────────┘

எங்கே போகிறார்கள்?

நத்தார் விடுமுறைச் சுற்றுக்கு இப்போது கிட்டத்தட்ட ஒரு வரைபடமே இருக்கிறது. முதல் நாள் நகரம். பெரிய கோயில் என்று எல்லோரும் சொல்லும் மரியன்னை பேராலயத்தின் குடில், அதன்பின் பொது நூலகத்து முகப்பு, அதற்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழும்பிய பதினொரு மாடிப் பண்பாட்டு மையம். பிறகு பண்ணைக் கடற்கரை. வாடைக்காற்றில் பிள்ளையின் பலூன் பறந்துபோகும், அதற்கு ஒரு அழுகை. கடலை, சோளம், சுண்டல் வண்டிகள். கார்கில்ஸ் கட்டடத்தில் மாடிப்படி தானாக நகர்வதைப் பார்க்கவே தீவுப் பகுதியிலிருந்து குடும்பமாக வருகிறார்கள். கடைசியாக நல்லூர் கோயில் வீதியில் ஐஸ்கிறீம். பூசைக்குப் போன சட்டையோடே முருகன் கோயில் மதிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிறீம் சாப்பிடும் கத்தோலிக்கக் குடும்பத்தை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தைப் பற்றி வெளியாருக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த நாள் தூரத்துக்கு. பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் கசூரினா. அல்லது வேலணைப் பக்கம் சாட்டி. அங்கே கடற்கரையும் உண்டு, மாதா கோயிலும் உண்டு. அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதற்கு அது வசதி. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேற வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் டிசம்பர் வாடைக்காலம், கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். வருடாவருடம் இறங்குதுறை வரை வந்து திரும்பும் குடும்பங்கள் உண்டு. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் படகில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. இருந்தாலும் பிள்ளைக்குப் பெரிதாக இருக்கும்.

கோட்டை இதில் தனி. போர்த்துக்கேயர் கட்ட, ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்த கோட்டை. கொத்தளத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் நகரம். புதுச்சட்டைப் பிள்ளைகளைப் படமெடுக்க இதைவிடத் தோதான இடம் வேறில்லை. உள்ளே இடிந்து கிடக்கும் கற்குவியலுக்கு முன்னாலும் நின்று படமெடுக்கிறார்கள். அது 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம், 1990 முற்றுகையில் அழிந்தது. கத்தோலிக்கர் பூசை காணக் கூடாது என்று சட்டம் போட்டவர்களின் கோயில் இன்று கல்லாகக் கிடக்க, சில்லாலைக் கத்தோலிக்கரின் பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுகிறார்கள். வழிகாட்டிப் பலகையில் இந்தக் கதை இராது. அப்பா சொன்னால்தான் உண்டு.

ஒளிவிழாக் களைப்பு

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். இலங்கையில் நத்தாரை ஒட்டிப் பள்ளிக்கூடம், முன்பள்ளி, வங்கி, ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், கடைசியில் விளையாட்டுக் கழகம் வரை எல்லாரும் ஒளிவிழா வைப்பார்கள். மெழுகுதிரி ஏற்றல், வரவேற்பு நடனம், பாலன் பிறப்பு நாடகம், கரோல், நத்தார் தாத்தா, அதிதி உரை, பரிசு. நாடகத்தில் மூன்று ஞானிகளில் ஒருவராவது சைவப் பிள்ளையாக இருப்பார். ஆடு மேய்ப்பவர் வேடத்துக்கு அப்பாவின் சாரம் போதும். தேவதூதருக்குத்தான் செலவு.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பள்ளிக்கூடம், முன்பள்ளி, மறைப்பாடசாலை, அப்பாவின் அலுவலகம், அம்மாவின் அலுவலகம் என்று ஐந்து ஒளிவிழா வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு உடுப்பு, ஒரு காசு சேர்ப்பு, அன்பளிப்புப் பரிமாற ஒரு பொதி. நத்தார் வருமுன்பே நத்தார் களைத்துவிடுகிறது. இதைத்தான் குருமார் கவலையோடு சொல்கிறார்கள். திருவருகைக் காலத்து நாலு வாரமும் காத்திருக்கும் காலம். இங்கே டிசம்பர் முதல் வாரத்திலேயே பாலன் பிறந்து, பரிசும் கொடுத்து, புகைப்படமும் முகநூலில் ஏறிவிடுகிறது. அந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். ஊர் சுற்றலால் நத்தார் கெடுகிறது என்பதைவிட, விழாவுக்கு மேல் விழா வைப்பதால் கெடுகிறது என்பதே உண்மை. வைப்பவர்களில் பங்குகளும் அடக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. கொண்டாட்டம் மிதமிஞ்சிப் போய்விட்டது என்று வருந்துகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே முன்னோடிகள் இருந்தார்கள். 1816இல் தெல்லிப்பழைக்கு வந்து, வட்டுக்கோட்டையில் செமினரியும் உடுவிலில் பெண்கள் பாடசாலையும் மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்த அமெரிக்க மிஷனரிமார் வளர்ந்த நியூ இங்கிலாந்துச் சபைகளில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் வழக்கமே இல்லை. வேதத்தில் திகதி இல்லை, ஆகவே பெருநாளும் இல்லை என்பது அவர்கள் கட்சி. மாசச்சூசெட்ஸ் மாநிலம் அதை விடுமுறையாக ஏற்றதே 1856இல்தான். அவர்கள் நட்ட சபைகளின் வழிவந்தவர்கள் இன்று நாலு குரலில் கரோல் பாடுவதில் குடாநாட்டிலேயே கெட்டிக்காரர்கள்.

கணக்குப் பார்த்தால்

இந்த மாதம் ஒரு இளம் குடும்பத்தின் பையில் எவ்வளவு ஓட்டை போடுகிறது என்பதுதான் யாரும் பிரசங்கத்தில் சொல்லாத விடயம். அரச உத்தியோகத்தர் என்றால் விழா முற்பணம் கிடைக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். மீன்பிடிக் குடும்பத்துக்கு அதுவும் இல்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கத்தோலிக்கக் கரையூர்களில் டிசம்பர் என்பது மழையும் காற்றும் கூடிய மாதம். கடலுக்குப் போக முடியாத நாட்கள் வரும். போனாலும் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துப் போகும் சண்டை தீர்ந்தபாடில்லை. வருமானம் குறைகிற மாதத்தில்தான் செலவு கூடுகிற பெருநாள் வருகிறது.

2022 நெருக்கடி இதை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. முட்டைத் தட்டுப்பாட்டில் கேக் அடிப்பது ஆடம்பரமாகிவிட்டது. பல வீடுகளில் ரிச் கேக்கை விட்டுவிட்டுப் பயற்றம் பணியாரத்துக்கும் சீப்புப் பலகாரத்துக்கும் திரும்பினார்கள். பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் ஊரிலேயே கிடைத்தன. ருசியில் யாருக்கும் குறை இருக்கவில்லை. ஆனால் நிலைமை சற்றுத் தெளிந்ததும் கேக் திரும்பிவிட்டது, இம்முறை மூன்று அடுக்கோடு.

ஏன்? பக்கத்து வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஆட்கள் வந்திறங்குகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து இயக்கும் விளையாட்டு விமானம். நம் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு பார்வைக்காகச் சங்கிலியை அடைவு வைத்த தகப்பன்மார் உண்டு. வடக்கில் நுண்கடன் எத்தனை வீட்டைக் கெடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் தள்ளுபடி அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அந்தப் பாடம் ஊர்களில் இன்னும் முழுதாக ஏறவில்லை. வெளிநாட்டு உறவினருக்கு ஒரு சொல்: காசை அனுப்புகிறீர்கள், நல்லது. அதை டிசம்பரில் விளையாட்டுப் பொருளாகத் தராமல் ஜனவரியில் பள்ளிக்கூடச் செலவுக்குத் தந்தால் அந்தத் தகப்பனுக்கு மூச்சு வரும்.

ஒரே ஒழுங்கையில் கரோலும் சேமக்கலமும்

2012 கணக்கெடுப்பின்படி யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் கிறிஸ்தவர். மிச்சம் பெரும்பாலும் சைவர். மார்கழியில் சில வருடங்களில் நத்தாரும் திருவெம்பாவையும் ஒன்றாக விழும். முன்னிரவில் கித்தாரோடு கரோல்காரர் போன ஒழுங்கையால் விடியப்புறம் சங்கூதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு திருவெம்பாவைக்காரர் வருவார்கள். நித்திரை கெட்டதென்று இருவரையும் ஒரே மாதிரித்தான் வைவார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்த தட்டு நத்தாருக்குப் பலகாரத்தோடு திரும்பிப் போக வேண்டும். வெறுந்தட்டாகப் போனால் அது ஒரு வருடக் கோபம்.

இந்த உறவில் உரசல் இல்லாமலும் இல்லை. போருக்குப் பிறகு சிறிய சுயாதீன சபைகள் பெருகின. மதமாற்றம் என்ற குற்றச்சாட்டும் அதோடு வளர்ந்தது. 2016இல் மறவன்புலவு க. சச்சிதானந்தன் தொடங்கிய சிவசேனை அமைப்பு இதை உரத்துப் பேசிவருகிறது. கத்தோலிக்கரே இந்தப் புதிய சபைகளை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். குடிலையும் சுரூபத்தையும் சில சபையார் ஏற்பதில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் பங்குக் கோயிலுக்கும் தம்பி ஜெபக்கூட்டத்துக்கும் போவது இன்று சாதாரணம். நத்தார் மதியச் சாப்பாட்டு மேசையில்தான் இருவரும் சந்திப்பார்கள். ஆட்டிறைச்சிக் கறி நன்றாக இருந்தால் அன்றைக்கு வாதம் நடப்பதில்லை.

கலப்புத் திருமணம் செய்த இளம் சோடிகளின் நிலை வேறு. தகப்பன் சைவம், தாய் வேதம். பிள்ளைக்குத் திருநீறும் உண்டு, ஞானஸ்நானமும் உண்டு. பெரியவர்கள் பேசித் தீர்க்க முடியாததை இந்தப் பிள்ளைகள் இரண்டு பெருநாளுக்கும் புதுச்சட்டை கேட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

26ஆம் திகதி காலை

கரையூர்க் குடும்பங்களுக்கு நத்தாருக்கு அடுத்த நாள் வெறும் விடுமுறை அல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. நத்தார் களைப்பு தீராத காலையில்தான் வடமராட்சி கிழக்குக் கரையை ஆழிப்பேரலை அடித்தது. மணற்காடு, உடுத்துறை, ஆழியவளை என்று ஊர் ஊராகப் போனது. நேற்றுப் போட்ட புதுச்சட்டையோடு பிள்ளைகளைப் புதைத்த தாய்மார் இருக்கிறார்கள். உடுத்துறை நினைவாலயத்தில் வருடாவருடம் அஞ்சலி. காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம்.

அதே நாளில் நகரத்துக் குடும்பங்கள் மணற்காட்டு மணல்மேட்டுக்கு வேனில் வந்திறங்குகின்றன. சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில் சுவர், படமெடுக்க நல்ல இடம். வருவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த ஊருக்கு வியாபாரமும் வேண்டும். ஆனால் ஒன்பதரைக்கு முன்னால் ஒலிபெருக்கியைப் போடாதீர்கள். சாப்பிட்ட பொலித்தீனை மணலில் விட்டுப் போகாதீர்கள்.

என் தீர்ப்பு

கோயிலா, ஊர்சுற்றலா என்ற கேள்வியே பிழை. பூசைக்கு வந்த குடும்பம்தான் சோடனையும் பார்க்கப் போகிறது. சாமப்பூசைக்கு இடம் போதாமல் முற்றத்தில் கதிரை போடும் கோயில்களைப் பார்த்தவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்ல வாய் வராது. ஒளிவிழாக்களைப் பாதியாகக் குறைக்கலாம். பங்குகள் முன்மாதிரி காட்டினால் பள்ளிக்கூடங்கள் பின்பற்றும். சின்னப் பிள்ளைக்காரருக்காக 24 மாலையிலேயே ஒரு பூசையை எல்லாப் பங்குகளிலும் வைத்தால், நித்திரைத் தூக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் தகப்பன்மார் குறைவார்கள். நத்தார் இரவில் குடித்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு நடுவே நாலு பேரை ஏற்றிக்கொண்டு போவது சின்னக் காரியம் இல்லை.

குறை ஒன்று பெரிதாக இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு நத்தார் தாத்தாவின் வண்டியை இழுக்கும் மானின் பெயர் தெரியும். தங்கள் அப்பா ஏன் பதினைந்து வயதில் கரோல் பாடவில்லை என்பது தெரியாது. யாகப்பர் கோயிலுக்கு என்ன நடந்தது, அம்மம்மா ஏன் 1995ஐப் பற்றிப் பேச மறுக்கிறாள் என்பதும் தெரியாது. வீட்டில் யாரும் சொல்வதில்லை. நல்ல நாளில் எதற்கு அந்தக் கதை என்று தள்ளிப் போடுகிறார்கள். பள்ளிப் புத்தகத்திலும் அது வரப்போவதில்லை.

ஆகவே இந்த விடுமுறையில் உங்கள் சுற்றுப்பயணத்தில் இன்னும் ஒரு இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நவாலி, நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள். மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம்கூட ஆகாது. பேதுருவானவர் ஆலயத்தில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுங்கள்.